கசினோ சிப்பும் கோப்பி ஆலை வில்லையும்

கசினோ சிப்ஸ் சேகரிப்பவர்களில் பலர் அந்த எண்ணத்தோடு கசினோவுக்குள் போனவர்கள் அல்லர். விளையாடி முடித்து மிச்சத்தைக் காசாளரிடம் மாற்றும்போது, ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள். அது வீட்டில் மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஒருநாள் அந்தக் கசினோவை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்படுவார்கள். இனி அதை மாற்றிக் காசாக்க முடியாது. ஆனால் அதைத் தேடுகிற ஆட்கள் அன்றிலிருந்துதான் கிளம்புவார்கள். மூடிய கசினோக்கள் தங்கள் சிப்ஸை அழித்துவிடுவது வழக்கம் என்பதால், தப்பியவற்றுக்குத் தனி மவுசு.

சிப்பைக் கையில் எடுத்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். அமெரிக்க மேசைகளில் புழங்குவது பெரும்பாலும் 39 மில்லிமீற்றர் விட்டம், 8 முதல் 10 கிராம் எடை. பழையவை களிமண் சேர்ந்த கலவையை அச்சில் வைத்து, சூடாக்கி, நெருக்கிச் செய்தவை. விளிம்பில் தெரியும் வேறு நிறப் பட்டைகள் மேலே பூசிய வர்ணம் அல்ல. அந்த இடத்தில் வேறு நிறக் கலவையைப் பதித்து ஒன்றாக அழுத்தியிருக்கிறார்கள். அதனால் எத்தனை கை மாறித் தேய்ந்தாலும் பட்டை அழியாது, மூலைதான் மழுங்கும். புதியவை சிலவற்றின் வயிற்றுக்குள் அடையாள எண்ணைச் சொல்லும் நுண்சில்லும் உண்டு.

அமெரிக்காவில் சிப்ஸ் சேகரிப்பது பெரிய பொழுதுபோக்கு. 1960களின் நடுப்பகுதியில் வெள்ளி டொலருக்குத் தட்டுப்பாடு வர, நெவாடா கசினோக்கள் சூதாட்ட இயந்திரங்களுக்கென்று உலோக வில்லைகள் அடித்தன. 1988 முதல் சேகரிப்பாளர்களுக்குச் சங்கமே இருக்கிறது. கொழும்பின் கதை இளையது. இங்கே கசினோத் தொழிலுக்கென்று 2010இல்தான் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025 ஓகஸ்டில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ திறந்தது.

ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு இந்தப் பழக்கத்தில் இறங்குகிறவருக்கு என் யோசனை வேறு. கசினோ வாசலைவிட்டு, கோப்பிக் காலத்துக்குப் போங்கள். ஒரே முதலாளியின் வாசலுக்குள் செல்லும் காசு இந்த ஊரில் நூற்றெண்பது வருடங்களுக்கு முன்பே இருந்தது.

மலைநாட்டுக் கோப்பி தோலோடுதான் கொழும்புக்கு வந்து சேரும். இங்குள்ள ஆலைகளில் அதை மறுபடி காயவைத்து, தோல் நீக்கி, புடைத்து, அளவு பிரித்த பிறகு, கெட்ட கொட்டையைக் கையால் பொறுக்கி எடுக்கவேண்டும். அந்த வேலைக்குப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். வேலைக்கு ஈடாக ஆலை கொடுத்தது பித்தளை, செப்பு வில்லைகள். பிறகு அவற்றை ஆலையில் கொடுத்துக் கூலியாக மாற்றிக்கொள்ளலாம். 1835இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்ருவர்ட் கம்பனியின் பெயரும், கொம்பனித்தெருப் பக்கத்து வேக்கந்த ஆலையின் பெயரும், 1843 என்ற ஆண்டும் பொறித்த வில்லை இந்த வகையில் பேர்போனது.

சில வில்லைகளின் பெறுமதி விசித்திரமாக இருக்கும்: 4½ பென்ஸ், 19 சதம். கணக்கைப் பிரித்தால் விளங்கும். பழைய றிக்ஸ்டொலர் ஒன்றுக்கு 18 பென்ஸ், அதாவது அக்காலச் சில்லறை அலகான பணத்தில் 12. அதில் கால்வாசி 4½ பென்ஸ், மூன்று பணம். 1872இல் ரூபாயும் சதமும் வந்தபோது ரூபாய்க்கு 24 பென்ஸ் என்று கணக்கு. அந்த 4½ பென்ஸ் 18¾ சதமாகி, 19 என்று நின்றது. அரசாங்கம் காசை மாற்றினாலும் ஆலை வாசலில் கூலி பழைய மூன்று பணத்திலேயே நின்றதை இந்த எண் காட்டிக்கொடுக்கிறது. கசினோவில் ஆடுகிறவர் காசு கொடுத்துச் சிப் வாங்குகிறார். கோப்பி வில்லையை வாங்கியவள் பொழுதெல்லாம் குனிந்திருந்து வாங்கினாள். எனக்கு இந்த வில்லைமேல் இருக்கும் பிரியம் அதனால்தான்.

1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, தேயிலை வந்தது. கோப்பி பொறுக்கும் வேலை போக, வில்லைக்கும் வேலை போயிற்று.

வாங்குவதற்கு முன் படியுங்கள். இலங்கைக் காசுகளைப் பற்றி லோஸ்லி 1895இல் எழுதிய கட்டுரையும், கொட்ரிங்டனின் 1924ஆம் ஆண்டு நூலும், பிரிட்மோரின் பட்டியலும் இத்துறையில் எல்லோரும் புரட்டுபவை. கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது. பழைய இலங்கைக் காசுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகட்டும். பிறகு ஒரு சின்னத் தராசும் பூதக்கண்ணாடியும் போதும். வார்ப்பில் எடுத்த போலியில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இராது. மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

கிடைத்ததைக் குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காலம் போர்த்திய பழுப்பு போனால் விலையும் போகும். மலிவான பீவீசி உறையும் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு ஒட்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பு செப்பில் இறங்கினால் வெளிர்பச்சைத் தூள் கிளம்பி உலோகத்தைத் தின்னும். காகித உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்; மழைக்காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்றவேண்டியிருக்கும்.