கடத்தினால் வில்லன், தாலி கட்டினால் நாயகனா?

ஒருவன் ஒரு பெண்ணைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான். ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் அடைத்து வைக்கிறான். கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்கிறான். க்ரைம் நாவல் என்றால் நான்காம் அத்தியாயத்தில் போலீஸ் ஜீப் கிளம்பிவிடும். காதல் நாவல் என்றால் நான்காம் அத்தியாயத்தில் தாலி கட்டிவிடுவான். முப்பதாம் அத்தியாயத்தில் அவனுக்குக் காய்ச்சல் வர, இவள் கஞ்சி வைத்துக் கொடுத்து அழுவாள். நாமும் சேர்ந்து அழுவோம்.

இரண்டு வகையையும் பல வருடமாக விடாமல் படித்துவருகிறேன். ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்பு எப்படி வந்தது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தமிழில் காதலும் மர்மமும் ஒன்றாகப் பிறந்தவைதான். ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்துக் கதைகளில் காதலர்கள் இருப்பார்கள், சதி இருக்கும், அதை அவிழ்க்க ஒரு துப்பறிவாளரும் வருவார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ இதழையும் நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாளும் துப்பறியும் கதைகளை விட்டுவைக்கவில்லை. 1935-இல் படமாகவும் வந்த வடுவூராரின் ‘மேனகா’வில் நாயகியை வஞ்சகமாக வீட்டைவிட்டுக் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோனவர்களை அந்தக் கதை நாயகர்களாக்கவில்லை. அந்தக் காலத்து நாவல்களில் பழமைவாதம் நிறைய உண்டு. ஆனால், கடத்தல் கடத்தலாகத்தான் எழுதப்பட்டது.

எண்பதுகளில் மாத நாவல்கள் பெட்டிக்கடைகளிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் கிளிப் போட்டுத் தொங்கிய நாட்களை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அபிப்பிராயத்தில், தமிழின் அழகான காதல் ஜோடிகள் அந்தத் துப்பறியும் நாவல்களில்தான் இருந்தார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். அவன் சீண்டினால் அவள் அதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுப்பாள். ஆபத்து என்று வந்தால் இருவரும் சேர்ந்தே போவார்கள். அவளுக்கு விருப்பமில்லாத இடத்தில் அவன் நின்றுவிடுவான், அதற்காக மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டான். கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் அந்த நாவல்களை நான் திரும்ப எடுத்துப் படிப்பது இந்தப் பேச்சுக்காகத்தான். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் கணவன் மனைவி. கேஸைப் பற்றி அவர்களுக்குள் நடக்கும் உரையாடலும் அப்படித்தான்.

இன்று நாவல் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. செயலியில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது. ஆடியோ நாவலாக, சமைத்துக்கொண்டே கேட்க முடிகிறது. எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் பெண்கள் ஏராளம். வீட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து எழுதி, தன் பெயரில் வாசகர்களைச் சேர்த்து, கொஞ்சம் பணமும் பார்க்கிற பெண்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமையோடுதான் இதைச் சொல்கிறேன்: ‘ஆன்டி ஹீரோ’ என்ற முத்திரை ஒட்டினால் ஒருவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டது. அறைகிறான். பின்தொடர்கிறான். அவள் தம்பியைக் காட்டி மிரட்டிக் கையெழுத்து வாங்குகிறான். பிறகு ஓர் அத்தியாயம் முழுக்க ஃப்ளாஷ்பேக். சிறுவயதில் அம்மா விட்டுவிட்டுப் போனாளாம், அதனால் அவனுக்குப் பெண்கள் மேல் கோபமாம். அடுத்த அத்தியாயத்தில் மன்னிப்பு. “அடுத்த அப்டேட் எப்போ சிஸ்? ஹீரோ பாவம்” என்று பின்னூட்டங்கள் குவிகின்றன. அடிவாங்கியவளைப் பாவம் என்று சொல்லும் பின்னூட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வாசகரின் மனத்தை இப்படித் திருப்புவது தமிழுக்கு மட்டுமே உரிய வித்தை இல்லை. டாஃப்னி டு மோரியர் 1938-இல் எழுதிய ‘ரெபெக்கா’வில் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றவன் கணவனே. கதையைச் சொல்லும் இரண்டாவது மனைவி அவன் பக்கம் நிற்கிறாள். கூடவே நாமும் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஹிட்ச்காக் அதைப் படமாக்கியபோது, கொலை செய்தவன் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்ற ஹாலிவுட் விதிக்காக அந்தச் சாவை விபத்தாக மாற்றினார்கள். ஆனால், ‘ரெபெக்கா’ நாவல் நம் பதற்றத்தை நமக்கே காட்டிக் கொடுக்கிறது. கடைசிப் பக்கம் வரை நிம்மதி தராது. நம் ஆன்டி ஹீரோ கதைகளோ வளைகாப்பில் முடிகின்றன.

பொழுதுபோக்குக்குப் படிப்பதைப் போய் இப்படி ஆராயலாமா, கதை வேறு வாழ்க்கை வேறு என்று பெண்களுக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பது வயதில் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் கவலை பதினாறு வயதில் படிக்கிறவளைப் பற்றியது. அவள் பின்னால் ஒருவன் பஸ் ஸ்டாப் வரை தினமும் வருகிறான் என்றால், முதலில் வர வேண்டியது பயம். அந்த இடத்தில் ஒரு கிளுகிளுப்பை நாம் விதைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகப் பின்தொடர்வது 2013-இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆவது பிரிவு. முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது 87-ஆவது பிரிவு. பத்து ஆண்டு வரை போகும். ‘கழுத்தில் தாலி ஏறிவிட்டது, இனி அவன்தான்’ என்று நாயகி விம்முகிறாளே, 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 12-ஆவது பிரிவு அவளுக்கு வழி வைத்திருக்கிறது. பலவந்தத்தால் வாங்கிய சம்மதத்தில் நடந்த திருமணத்தை, பலவந்தம் நீங்கிய ஓராண்டுக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். அவள் கோர்ட்டுக்குப் போகும் கதையில் சஸ்பென்ஸுக்கா பஞ்சம்? சாட்சி சொல்ல யார் வருவார், அப்பா எந்தப் பக்கம் நிற்பார், பணக்கார வீட்டு வக்கீல் என்ன கேட்பார் என்று அறுபது அத்தியாயம் ஓட்டலாம். நடுவே, அவளை நிஜமாகவே மதிக்கிற ஒருவன் வந்தால் காதலுக்கும் இடம் உண்டு.

எழுதும் தோழிகளே, அப்படி ஒரு கதையைத் தொடங்குங்கள். படிக்கும் தோழிகளே, அடுத்த முறை ‘ஹீரோ பாவம்’ என்று தட்டச்சு செய்வதற்கு முன், அவள் ஏன் இன்னும் 181-ஐ அழைக்கவில்லை என்று பின்னூட்டத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான அந்த உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.