மருந்தும் வேண்டும், துஆவும் வேண்டும்: பைபோலார் நோயை அறிந்துகொள்வோம்

குளச்சல், திருவிதாங்கோடு, தக்கலை, இளங்கடை என நம் ஊர்களில் இப்படி ஒருவரைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருப்போம். சில வாரங்கள் தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், பெரிய பெரிய திட்டங்கள் பேசிக் கடன் வாங்குவார். சில மாதங்கள் கழித்து அவரே பாயை விட்டு எழமாட்டார். ‘ஜின் கோளாறு’, ‘செய்வினை’ என்று ஊர் பேசும். இது பைபோலார் எனப்படும் இருமுனை மனநோயாக இருக்கலாம்.

என்ன நோய் இது?

இந்நோயில் மனநிலை இரண்டு எல்லைகளுக்குப் போய் வருகிறது. எழுச்சி நிலையில் தூக்கம் குறையும், பேச்சு வேகமெடுக்கும், பணம் தண்ணீராகக் கரையும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். சோர்வு நிலையில் எதிலும் விருப்பம் இருக்காது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வரலாம். இடைப்பட்ட காலத்தில் பலர் இயல்பாகவே இருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகில் சுமார் 4 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஈமான் குறைவால் வருவதல்ல இது.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதி தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குணமாகட்டும் என்று நம்பித்தான் குடும்பத்தினர் அவர்களை அங்கே விட்டிருந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பின்னாளில் அதே ஏர்வாடியில், பிரார்த்தனைக்கு வருவோருக்கு மனநலச் சிகிச்சையும் கிடைக்க ‘தவா, துஆ’ என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்தது. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழிதான். துஆ செய்வோம், மருந்தையும் விடாமல் கொடுப்போம்.

மருந்தை நிறுத்தலாமா?

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுச்சி நிலைக்கு லித்தியம் பயன்படுவதைக் கண்டறிந்தார். இன்றும் அது முக்கியமான மருந்து. ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பிவர வாய்ப்பு அதிகம். லித்தியம் எடுப்பவர்கள் ரத்தத்தில் அதன் அளவையும், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுமையான கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிப் போடக்கூடாது. வால்ப்ரோயேட் எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

நோன்பு நாட்களில்

உடலில் நீர் குறைந்தால் லித்தியம் அளவு ஏறலாம். தராவீஹ், ஸஹர் என்று தூக்கம் உடைவதும் எழுச்சி நிலையைத் தூண்டலாம். எனவே ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். வேளையையோ அளவையோ நாமாக மாற்ற வேண்டாம். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் மனம் உடைய வேண்டியதில்லை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

குடும்பம் செய்ய வேண்டியவை

தூக்கம் குறைவது பெரும்பாலும் முதல் அறிகுறி. இரண்டு மூன்று இரவுகள் தூங்காவிட்டால் காத்திருக்காதீர்கள். எழுச்சி நிலையில் இருப்பவரோடு வாதாட வேண்டாம். அவர் நலமாக இருக்கும்போதே, பணத்தையும் வண்டிச் சாவியையும் யார் பொறுப்பில் விடுவது என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வளைகுடா செல்பவர் மருந்துச்சீட்டும் மருத்துவரின் கடிதமும் எடுத்துச் செல்வதோடு, அந்நாட்டு மருந்து விதிகளையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். நோயை மறைத்து நிக்காஹ் செய்வது இரு குடும்பங்களுக்கும் துன்பம்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுவதை நாம் யாரும் மறைப்பதில்லை. இந்த மாத்திரையையும் மறைக்காமல் போடும் நிலை நம் வீடுகளில் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.