விடியுமுன் புறப்படுவதா, விடிந்தபின் எழுவதா?

பாடசாலைத் தவணை முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் ஒரு வழக்கு எழுகின்றது. குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போவதென்று முடிவாகிவிடும். எங்கே போவதென்பதும் ஒருவாறு தீர்ந்துவிடும். எத்தனை மணிக்கு எழுவது என்பதுதான் தீராது. ‘கோழி கூவுமுன் புறப்பட்டால்தான் எதையும் பார்க்கலாம்’ என்பார் தந்தையார். ‘விடுமுறையிலாவது எங்களை உறங்க விடக்கூடாதா?’ என்பான் மகன். தாயார் ஒன்றும் சொல்வதில்லை. எந்தக் கட்சி வென்றாலும் எல்லோருக்கும் முன் எழவேண்டியவர் தாமே என்பதை அவர் அறிவார்.

இது சிறிய விஷயம்போலத் தோன்றலாம். ஆனால், நாவிதன்வெளி, கல்முனை முதலிய நம் பகுதிகளில், நெல் விற்ற பணத்தில் ஆண்டுக்கொருமுறை பயணம் போகும் குடும்பங்கள் பல. வானுக்குக் கொடுக்கும் வாடகை எந்த நேரத்தில் புறப்பட்டாலும் ஒன்றே. அவ்வளவு பணமும் செலவிட்டு, வெயிலிலும் வரிசையிலும் வாடி, அழுகின்ற குழந்தையைத் தோளிற் சுமந்து திரும்புவதற்கா நாம் போகின்றோம்? சில வேளைகளில் இன்பதுன்பம் மட்டுமன்றி உயிரும் இந்த நேரக் கணக்கைப் பொறுத்திருக்கின்றது. ஆகவே இரு கட்சியாரின் நியாயங்களையும் சற்று ஆராய்வோம்.

முதலில் வைகறைக் கட்சி. இக்கட்சியின் வலிமையை நன்கு காணவேண்டுமானால் மேனாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்லவேண்டும். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ‘திவோலி’ என்னும் பூங்கா 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி அமைத்த ‘டிஸ்னிலாந்து’ 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி திறக்கப்பட்டது. இத்தகைய பூங்காக்களில், கதவு திறக்கும் முன்னரே வாயிலிற் காத்துநிற்கும் குடும்பங்கள் உண்டு. கதவு திறந்தவுடன் பேர்பெற்ற ஊர்திகளை நோக்கி அவர்கள் விரைவார்கள். இது வெறும் அவசரமன்று. இதற்குள் ஒரு கணக்கு இருக்கின்றது.

ஓர் ஊர்தி மணிக்கு 300 பேரை ஏற்றவல்லது என வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை 200 பேரே வருகின்றனர்; எவரும் காத்திருக்கவேண்டியதில்லை. பத்து முதல் பதினொரு மணி வரை 450 பேர் வருகின்றனர். 150 பேர் மிஞ்சுகின்றனர். அடுத்த மணியிலும் 450 பேர் வந்தால், நண்பகலில் வரிசையில் நிற்போர் 300 பேர். அப்பொழுது வருபவர் முழுதாக ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும். இனிமேல்தான் வேடிக்கை. நண்பகலின்பின் மணிக்குச் சரியாக 300 பேர் மட்டுமே வந்தாலும் அந்த வரிசை குறைவதில்லை. முன்னர் சேர்ந்த கூட்டம் அப்படியே நிற்கின்றது. வருபவர் ஒவ்வொருவரும் அதே ஒரு மணி நேரத்தைக் கொடுத்தே தீரவேண்டும். முற்பகலிற் சேர்ந்த கடனைப் பிற்பகல் முழுதும் அடைப்பதுபோல் இது நடக்கின்றது.

வரிசைகளைப் பற்றிய இத்தகைய கணிதத்திற்கு வித்திட்டவரும் கோபன்ஹேகன் நகரிற் பணியாற்றியவரே. ஏர்லாங் என்னும் அவ்வறிஞர், தொலைபேசி நிலையத்திற்கு வரும் அழைப்புகளை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் தமது கட்டுரையை வெளியிட்டார். வரிசையின் தொல்லையைப் பூங்கா நடத்துவோரும் உணர்ந்தனர். டிஸ்னி பூங்காக்களில் நேரம் குறித்த சீட்டு முறை 1999ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. அதன் இடத்தில் பின்னர் வேறு முறைகள் வந்தன. முறை எதுவாயினும், கூட்டம் சேருமுன் செல்பவர் நல்ல பயனடைகின்றார் என்பதில் ஐயமில்லை.

இனி, ஆறுதலாக எழவேண்டும் என்னும் கட்சியைக் கேட்போம். ‘மாலையிலும் பொழுது இருக்கின்றதே, ஏன் பறக்கவேண்டும்?’ என்பது அவர்கள் வினா. மேனாட்டில் இது நியாயமான வினாவே. இலண்டன் மாநகரில் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே கதிரவன் மறைகின்றது. பெரிய பூங்காக்களில் இரவிலே வாணவேடிக்கையும் ஊர்வலங்களும் உண்டு. அங்கே பத்து மணிக்கு எழுபவருக்கும் நீண்ட பகல் மிஞ்சியிருக்கும்.

நம் நாட்டின் நிலை வேறு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இலங்கையில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடே உண்டு. காலை ஆறு மணியையொட்டி விடிகின்றது. மாலை ஆறு மணியையொட்டி இருள்கின்றது. ஆகவே இங்கு பத்து மணிக்குப் புறப்படுபவர் பகலில் மூன்றிலொரு பங்கை, அதுவும் குளிர்ந்த பங்கை, இழந்துவிடுகின்றார்.

அப்படியானால் வைகறைக் கட்சியே வென்றதா? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுதல் கூடாது. நாம் பார்க்கப்போகும் இடத்திற்கும் ஒரு நேரம் உண்டல்லவா? அதைக் கேளாமல் தீர்ப்பளிப்பது முறையன்று.

ஹோட்டன் சமவெளியை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்தச் சமவெளியின் விளிம்பிலே ‘உலக முடிவு’ என்னும் செங்குத்தான பள்ளம் இருக்கின்றது. ஏறத்தாழ 870 மீற்றர் ஆழம். விடிந்து சில மணி நேரத்துள் அங்கு நின்றால் கீழேயுள்ள கிராமங்களும் காடுகளும் தெளிவாகத் தெரியும். ஒன்பது, பத்து மணியானதும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடுவது வழக்கம். பிந்திச் செல்பவர் பார்ப்பது வெறும் வெண்திரையே. இங்கே வைகறைதான் சரி.

சீகிரியாக் குன்றும் ஏறக்குறைய அவ்வாறே. சுமார் 1,200 படிகள். மேற்பகுதியில் நிழல் அரிது. உச்சிவெயிலில் கல்லும் காயும், காலும் காயும். முதியவரையும் சிறுவரையும் அழைத்துச் செல்வோர் காலையிலேயே ஏறி இறங்கிவிடுதல் நன்று.

ஆனால் அதே சீகிரியாவுக்கு அண்மையிலுள்ள மின்னேரியாவின் கதை வேறு. மகாசேன மன்னன் கட்டுவித்த அந்தக் குளம் வறண்ட காலத்தில் நீர் வற்றி, அதன் படுகையிற் பசும்புல் முளைக்கும். ஜூலை முதல் ஒக்டோபர் வரையான காலத்தில் அந்தப் புல்லையும் நீரையும் நாடி யானைகள் பெருந்திரளாகக் கூடுகின்றன. அவை காட்டைவிட்டு வெளியே வருவது பெரும்பாலும் வெயில் தணிந்த பிற்பகலிலேதான். அங்கே விடியற்காலையிற் போய் நிற்பவர் தம் உறக்கத்தை வீணே இழந்தவராவார். பின்னவலை யானைகள் காப்பகத்திலோ, முற்பகலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் யானைகளை மகாஓயாவுக்கு நீராட அழைத்துச் செல்வர். அந்த நேரத்தை விசாரித்து அறிந்தவருக்கு அவசரமுமில்லை, ஏமாற்றமுமில்லை.

இடத்தின் நேரத்தைக் கேட்டோம்; இனி உடம்பின் நேரத்தைக் கேட்போம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கத்தோடு சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தேவை என்பர் மருத்துவர். அதிகாலை நான்கு மணிக்கு அப்பிள்ளையை எழுப்ப விரும்பினால் முதல்நாள் இரவு ஏழு மணிக்கே உறங்க வைத்திருக்கவேண்டும். பயணக் களிப்பிலே எந்தப் பிள்ளை ஏழு மணிக்கு உறங்கும்? பருவ வயதினருக்கோ உறக்கம் வரும் நேரமே இயல்பாகப் பிந்துகின்றது. அவர்கள் காலையில் எழ மறுப்பதை வெறும் சோம்பல் என்று கடிவது நியாயமாகாது.

நம் ஊர்களில் சுபஹுத் தொழுகைக்கும் கோயிற் பூசைக்கும் வைகறையில் எழும் முதியோருக்கு இது பெரிதன்று. ஆனால் அவர்களுக்கு நண்பகலில் ஓய்வு வேண்டும். இளையவர்கள் நடக்க விரும்பும் நேரத்தில் முதியவர்கள் நிழலை நாடுவார்கள். எல்லோருக்கும் மேலாக, கட்டுச்சோறு சமைத்துப் பொதி கட்டும் தாயார் இருக்கின்றார். நான்கு மணிக்கு வான் வருமானால் அவர் ஒரு மணிக்கே அடுப்பு மூட்டவேண்டும். அவருடைய பயணம் பிறரின் பயணத்திற்கு மூன்று மணி நேரம் முன்னரே தொடங்கிவிடுகின்றது. அன்றைய காலை உணவுக்குப் பாணும் வாழைப்பழமும் போதும் என்று குடும்பம் தீர்மானித்தால் அவரும் ஒரு பயணியாகப் போகலாம்.

இன்னும் ஒருவரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்தான் சாரதி. தங்குமிடச் செலவை மிச்சப்படுத்துவதற்காக நள்ளிரவிற் புறப்பட்டு, விடியும்போது கண்டியிலோ நுவரெலியாவிலோ இறங்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கின்றது. அதிகாலை எழுவதும் நள்ளிரவிற் புறப்படுவதும் ஒன்றல்ல. இரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரையான வேளையே மனித உடம்பு உறக்கத்தை மிக வலிமையாக நாடும் வேளை. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் செயற்றிறனுக்கு இறங்கிவிடுகின்றது என்று 1997ஆம் ஆண்டில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. பகல் முழுதும் உழைத்த சாரதி இரவு பத்து மணிக்கு வானை எடுத்தால், அவர் அந்த நிலையை எட்டியே நம்மிடம் வருகின்றார் என்பது பொருள்.

நம் பாதையையும் எண்ணிப்பாருங்கள். அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகச் செல்கின்றோம். காட்டோரப் பகுதிகளில் இரவிலே யானைகள் வீதிக்கு வருவதுண்டு. மகியங்கனைக்கு அப்பால், கண்டிச் சாலையிலே பேர்போன பதினெட்டு வளைவுகள் காத்திருக்கின்றன. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் ஆழ்ந்து உறங்க, முன்னால் ஒருவர் மட்டும் உறக்கத்தோடு போராடி அந்த வளைவுகளைத் திருப்புகின்றார். ஓர் இரவின் அறை வாடகை மிச்சமாகலாம். ஆனால் அந்த மிச்சத்திற்கு ஈடாக நாம் வைக்கும் பணயம் என்ன? நம் பிள்ளைகள் அன்றோ!

ஆகையால், வெளியூர்ப் பயணம் மூன்று நாட்களாயின் ஓர் ஒழுங்கைச் சொல்வேன். முதல்நாளைப் பயணத்திற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, இடையில் இளைப்பாறி, பொழுது சாயுமுன் தங்குமிடம் சேருங்கள். அன்றிரவு எல்லோரும் நேரத்தோடு உறங்கினால் இரண்டாம்நாள் வைகறை எவருக்கும் பாரமாகாது. காலையிற் பார்க்கவேண்டியதை அன்றே பாருங்கள்; நண்பகலில் அறைக்கோ மரநிழலுக்கோ திரும்புங்கள். மூன்றாம்நாள் எவரும் எவரையும் எழுப்பவேண்டாம். சாரதியும் நிறைய உறங்கட்டும். அவருக்கும் படுக்கை கொடுத்தோமா என்பதை மறவாதீர்கள். திரும்பும் வழி நீண்டதாயின் அன்றே விரைந்து ஓடிவராமல், வழியில் ஓர் இரவு தங்குவதும் தவறன்று.

மூன்று நாட்களுக்கு வசதியில்லாதோர் மனம் தளரவேண்டாம். நம் வயல்களுக்கு நீரூட்டும் சேனநாயக்க சமுத்திரம் இங்கினியாகலையிலே நமக்கு அண்மையிலேயே இருக்கின்றது. அதைச் சூழ்ந்த கல்லோயா தேசிய பூங்கா 1954ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அங்கே படகிற் செல்வோர், தீவுகளிடையே நீந்திச் செல்லும் யானைகளைக் காண்பதுண்டு. படகுப் பயணத்திற்கு இளங்காலையும் பிற்பகலும் ஏற்றவை. வைகறைக் கட்சியினர் ஓராண்டு காலையிலும், மற்றக் கட்சியினர் அடுத்த ஆண்டு மாலையிலும் போகலாம், வழக்கும் தீரும்.

நேயர்களே, இந்த வழக்கிலே தீர்ப்புக் கூறவேண்டியது கடிகாரமன்று. பார்க்கப்போகும் இடம் எந்த நேரத்தில் தன்னைக் காட்டும் என்று முதலில் விசாரியுங்கள். பின்னர், குடும்பத்தில் மிக எளிதிற் களைப்பவர் எவர் என்று பாருங்கள். அவருடைய காலுக்கும் கண்ணுக்கும் ஏற்ப நாளை அமையுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று சொல்வதைவிட, பார்த்ததை எல்லோரும் சேர்ந்து மகிழ்ந்தோம் என்று சொல்வதே பெரிது. பிள்ளைகள் வளர்ந்தபின் நினைவிற் கொள்வதும் அதையே.