முத்திரையில்லாத துப்பாக்கி உறை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தினர் இடுப்பு வாரில் மாட்டியிருந்த கைத்துப்பாக்கி உறைகளில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில், செய்தவர் யார் என்பது தோலில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் நிறுவனத்தின் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் இருந்தன. எந்தத் தொழிற்சாலை எங்கே இயங்குகிறது என்பதை எதிரி அறியக்கூடாது என்பதற்காக, 1940ஐ ஒட்டிப் பெயர் போய் எழுத்துக் குறியீடு வந்தது. ‘ஜேகேஎச்’ என்றால் மைன்ஸ் நகரின் கார்ல் புஸ்ஸே; ‘ஜிஎக்ஸ்ஒய்’ என்றால் டிரெஸ்டனின் கிளிங்கே சகோதரர்கள். கூடவே கழுகுச் சின்னமும் எண்ணும் கொண்ட ஆய்வாளர் முத்திரை இருக்கும்.

இவற்றில் ஒன்றுகூட இல்லாத உறைகளும் கிடைக்கின்றன. சொந்தப் பணத்தில் அதிகாரிகள் கடையில் வாங்கியவை ராணுவ ஆய்வுக்கே போகவில்லை. சிலவற்றில் முத்திரை தேய்ந்து மறைந்திருக்கும். சிலவற்றில் போர் முடிந்த பிறகு யாரோ கழுகைச் சுரண்டியிருப்பார்கள்.

ஆகவே, முத்திரை உண்மையிலேயே இல்லையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. உறையைக் குப்புறக் கிடத்தி, இருட்டறையில் டார்ச் ஒளியைத் தோலை ஒட்டிச் சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் ஓர் எழுத்தின் வளைவு நிழலாக எழும்பும். இடுப்பு வார் நுழையும் பட்டைகளுக்கு அடியிலும், மூடியின் உட்புறத்திலும் தேடுவது அவசியம். உராய்வு படாத அந்த இடங்களில் பதிவு பிழைத்திருக்கும்.

அடுத்து, உறை எந்தத் துப்பாக்கிக்கானது என்பது தெளிவாக வேண்டும். லூகர் எனப்படும் பி.08க்கான உறை விறைப்பான தோலால் ஆனது. முன்விளிம்பில் உபரி மேகசினுக்கு ஒரு பையும், மூடிக்குள் சிறு கருவிக்கு ஒரு பையும் உண்டு. வால்தர் பி.38 உறை முதலில் இப்படியே விறைப்பாக இருந்து, போரின் பிற்பகுதியில் செய்ய எளிதான மென்தோல் வடிவத்துக்கு மாறியது. காலத்தைக் கணிக்க உலோகமும் உதவும். பக்கிளும் குமிழும் எதனால் ஆனவை, நூல் எவ்வளவு தரமானது என்று பார்த்தால் தட்டுப்பாட்டின் தடம் தெரியும்.

செய்த பட்டறையை நெருங்குவதற்குத் தையலே சிறந்த வழி. 1 அங்குலத்தில் எத்தனை தையல், பட்டையின் முனையில் நூலை எப்படித் திருப்பி முடித்திருக்கிறார்கள், வாரின் நுனி கூரா வட்டமா என்பவை ஒவ்வொரு பட்டறையின் பழக்கம். தோலை வெட்டும் அச்சும் அதே போலத்தான். முத்திரையுள்ள, நம்பகமான உறை ஒன்றை அருகில் வைத்து இவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரே ஓர் ஒற்றுமை போதாது. நாலைந்து சேர்ந்து வந்தால்தான் பெயர் சொல்ல முடியும். அப்போதும் ‘இன்னாரின் வேலையாக இருக்கலாம்’ என்பதே நேர்மையான சொல். சிறு சேணப் பட்டறைகள் பல, கூட்டுறவு அமைப்புகள் வழியாகவே ராணுவத்துக்கு வேலை செய்தன. முத்திரையுள்ள உறையிலேயே, பெயர் ஒருவருடையதாகவும் ஊசி பிடித்த கை வேறொருவருடையதாகவும் இருக்க வாய்ப்புண்டு.

உறை போர்க்காலத்தையே சேராததாகவும் இருக்கலாம். பி.38 துப்பாக்கி போருக்குப் பின்னும் பல நாடுகளில் புழங்கியது. கிழக்கு ஜெர்மனியின் காவல்துறையும் அதை வைத்திருந்தது. அவற்றுக்கான உறைகள் பழையவற்றைப் போலவே தோன்றும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது நூல் நீல வெண்மையாகப் பளிச்சிட்டால், அது பிற்காலத்து நூல் என்று சந்தேகிக்கலாம். பழைய உறையில் அப்படிப்பட்ட நூல் இருந்தால் பழுதுபார்த்ததாகவும் இருக்கக்கூடும் என்பதால், மற்றத் தையல்களையும் சோதிக்க வேண்டும்.

வெறுமையான பின்புறத்தில் புதிதாக முத்திரை குத்தி விற்பவர்களால் இந்த ஆய்வுக்கு நேரும் கேடு பெரிது. ஒரு நல்ல சான்று அத்தோடு பாழாகிறது. பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சாயமும் அழுக்கும் தேய்மானமும் சுற்றியுள்ள தோலைப் போலவே படிந்திருக்கும். காய்ந்து இறுகிய தோலில் பின்னால் குத்தியதோ விளிம்பில் மேற்பரப்பைக் கீறி, உள்ளே சாயம் படாத வெளிர் நாரைக் காட்டும். பூதக்கண்ணாடியில் இது தெரிந்துவிடும்.