புள்ளி இறைத்த பந்து

கணினியில் மவுஸுக்குப் பதில் நான் உருட்டுவது டிராக்பால். மாதம் ஒருமுறை அதன் பந்தை வெளியே எடுத்துத் துடைப்பேன். அடியிலுள்ள ஓட்டை வழியாக விரலால் நெம்பினால் கையில் வந்து விழும். எலுமிச்சை அளவு, 40 மில்லிமீட்டர் விட்டம். சிவந்த உடம்பெங்கும் கறுப்புப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். குழிக்குள் எட்டிப் பார்த்தால் கடுகளவில் மூன்று மணிகள் தெரியும். பந்து முக்காலியில் உட்கார்ந்ததுபோல் அந்த மூன்றின் மேல்தான் சுழல்கிறது. விரல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மணிகளைச் சுற்றித் திரண்டிருக்கும் சாம்பல்நிற அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டால், பந்து மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடும்.

குழியின் ஓரத்தில் ஒரு சிறு சன்னல் இருக்கிறது. உள்ளே சிவப்பாக ஒளிர்வது எல்இடி. அதன் அருகே பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது ஒரு கண்.

டிராக்பால் மவுஸுக்கு மூத்தது. 1946இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ப் பெஞ்சமின் இதை உருவாக்கினார். ரேடார் திரையில் குறியை நகர்த்த ஒரு கருவி வேண்டியிருந்தது. ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்களின் மேல் உலோகப் பந்தை உருளவிட்டார். ராணுவ ரகசியமாக இருந்ததால் வெளியுலகம் அறியவில்லை. 1952 வாக்கில் கனடா கடற்படையின் டாட்டர் திட்டத்தில் பௌலிங் விளையாட்டுப் பந்தையே எடுத்துப் பொருத்தினார்கள். பின்னால் வந்த டிராக்பால்களிலும் வெகுகாலம் இதே ஏற்பாடுதான்: பந்து இரண்டு உருளைகளைத் திருப்பும், உருளைகள் எவ்வளவு திரும்பின என்று கருவி எண்ணும். உருளையில் அழுக்கு ஒட்டினால் கர்சர் தத்தித் தத்திப் போகும்.

ஒளியால் பார்க்கும் கண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பந்தைத் தொடுவதே இல்லை. தனக்கு முன்னால் தெரியும் சிறு பகுதியை ஓயாமல் படம் பிடிக்கிறது. 1999இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஒளி மவுஸின் கண் நொடிக்கு 1,500 படம் எடுத்தது. அப்படியொரு கண்ணின் முன்னால் விரல் நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் பந்தைத் தள்ளினாலும், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையே அது 0.2 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஆகவே இரண்டு படங்களும் ஏறக்குறைய ஒன்றே. சிப் பழைய படத்தைப் புதியதன் மேல் வைத்து, இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று எல்லாப் பக்கமும் நகர்த்திப் பார்க்கிறது. கறுப்பின் மேல் கறுப்பும் சிவப்பின் மேல் சிவப்பும் எங்கே நன்றாகப் பொருந்துகின்றனவோ, அந்த நகர்வுதான் பந்து போன தூரமும் திசையும். பந்து என்றால் என்ன, விரல் என்றால் என்ன என்று அதற்கு எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் புள்ளிகள் எவ்வளவு தள்ளிப் போயின என்பது மட்டுமே.

இந்தப் புள்ளிகள் ஏன் தாறுமாறாக இருக்கின்றன? என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கோலத்துக்கு வைப்பதுபோல் வரிசையாகப் புள்ளி வைத்துவிட்டு, ஒரு குழாய் வழியாக அதில் சிறு இடத்தை மட்டும் பாருங்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் யாரோ கோலத்தைச் சரியாக ஒரு புள்ளி தூரம் தள்ளிவிட்டால், எதுவும் அசையாததுபோலவே இருக்கும். முக்கால் புள்ளி வலப்பக்கம் தள்ளினால், கால் புள்ளி இடப்பக்கம் வந்ததாகத் தோன்றும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிகிறதே, அதே மயக்கம். மெதுவாக நகரும்வரை வரிசைப் புள்ளியே போதும். வேகம் கூடினால்தான் ஆபத்து. புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் தனி முகம் வந்துவிடுகிறது. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மாசுமருவற்ற ஒரே நிறப் பந்தை வைத்தாலோ, இந்தக் கண் குருடாகிவிடும்.

1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் லயன் செய்த ஒளி மவுஸ், புள்ளி அச்சிட்ட தனி அட்டையின் மேல்தான் ஓடும். மரம், துணி, காகிதம் என்று எந்தப் பரப்பு கிடைத்தாலும் படிக்கக்கூடிய மவுஸ் பரவலாவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் புள்ளிப் பந்தோடு லாஜிடெக்கின் டிராக்மேன் மார்பிள் என்ற டிராக்பால் 1995லேயே வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் சிஎஸ்இஎம் ஆய்வு மையம் அதற்குக் கைகொடுத்தது. மவுஸ் எந்த மேசையில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. பந்தின் தோலோ செய்பவர் கையில். அந்தப் புள்ளி அட்டையையே உருண்டையாகச் சுருட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓர் அங்குலத்தை 400 படியாக எண்ணும் கண் என்றால், என் பந்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஏறக்குறைய 2,000 படி. படிக்கு ஒரு பிக்சல் என்று வைத்தால், 1,920 பிக்சல் அகலமுள்ள திரையைக் கடக்க அது போதும். கண் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ்: மேலே விரல் வலப்பக்கம் உருட்டும்போது, கீழே புள்ளிகள் இடப்பக்கம் ஓடும். சிப் அதைத் திருப்பிச் சொல்கிறது.

மேசையில் மவுஸ் ஓட்ட இடமில்லாத பல இடங்களில் டிராக்பால் இன்னும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அறையில் கவனித்துப் பாருங்கள். மருத்துவரின் ஒரு கை வயிற்றின் மேல் கருவியை அழுத்திப் பிடித்திருக்கும். மற்றக் கை ஸ்கேன் இயந்திரத்தின் பலகையில் ஒரு பந்தை மெல்ல உருட்டும். திரையில் குழந்தையின் தொடை எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரிய, ஒரு சிறு கூட்டல் குறி நகர்ந்து வந்து அதன் முனையில் நிற்கும். பந்து இன்னும் கொஞ்சம் உருளும். இரண்டாவது குறி மறுமுனையைத் தொடும்.