படம் எடுக்கக் கூடாத வீடு

வெளிநாட்டுக் கலை உறைவிடத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் கெடு நெருங்குகிறது. 'நிலத்தோடு உங்கள் உறவு என்ன?' என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்களே, என்ன எழுதுவது என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். 

படிவம் நிரப்புவோருக்கு நான் காட்டுவது ஒரே படைப்பைத்தான். கோஸ்ட் சாலிஷ், ஒகனாகன் வழிவந்த ஓவியர் லாரன்ஸ் பால் யக்ஸ்வெலுப்டன், கனடாவின் பான்ஃப் கலை மையத்தில் 1992-இல் உருவாக்கிய மெய்நிகர் படைப்பு அது. தலைப்பைத் தமிழில் 'பிறப்புரிமை, தரிசன உரிமை' எனலாம்.

அவருடைய மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறக்குறைய 94 சதவீதம் 'முடிக்குரிய நிலம்' என்கிறது அரசு. பெரும்பகுதிக்குப் பூர்வகுடிகளோடு உடன்படிக்கையே கிடையாது. எழுதிக் கொடுத்தவர் எவருமில்லை. ஆகவே அதை விளக்கமாக நான் ஏற்கவில்லை, ஒரு தரப்பின் உரிமைகோரலாகவே படிக்கிறேன்.

சாலிஷ் மக்களின் குளிர்காலச் சடங்குகள் நெடுவீட்டுக்குள் நடக்கும். அழைப்பில்லாமல் வெளியார் நுழையக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. அந்த மண்ணோடு அவர்களுக்குள்ள பிணைப்பு உயிரோடு இருப்பதோ அங்கேதான். யக்ஸ்வெலுப்டன் கேமராவை உள்ளே கொண்டுபோகவில்லை. நெருப்பையும் ஆவியுருவங்களையும் வீட்டையும் கணினியிலேயே எழுப்பினார். கருவியைக் கண்ணில் பொருத்தியவர் தாமே நகர்ந்து உள்ளே போக வேண்டும். விருந்தாளியாகச் சற்று நேரம் நிற்கலாம். ஆனால் நிஜமான சடங்கு எதுவும் அங்கே பதிவாகவில்லை. 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் எனும் கொடை விருந்து போன்ற சடங்குகளைக் கனடாவின் சட்டம் தடைசெய்திருந்தது. பறித்த முகமூடிகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. அதை அறிந்தவர்களுக்கு, எதையும் எடுத்துப்போக விடாத இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

என்னை உறுத்துவது வேறொன்று. பான்ஃப் மையம் இருப்பது தேசியப் பூங்காவுக்குள்; அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஸ்டோனி நகோடா மக்களை அப்பூங்கா வெளியேற்றியது. படைப்பு இயங்கியதும் மையத்தின் கணினியில், அங்கிருந்த நிரலாளர்களின் உழைப்பில். நிலத்தின் உரிமையைப் பேசிய படைப்பே பிறருடைய இயந்திரத்தில் குடியிருக்க நேர்ந்தது. கையெழுத்திடும் முன் நீங்களும் கேளுங்கள்: கோப்புகள் யாரிடம் இருக்கும்? கருவி பழசானால் புதுப்பிக்கும் செலவு யாருடையது?

வாசகர்களின் வேறு சில கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். இந்தப் படைப்பை எங்கே காட்சிக்கு வைத்தார்கள்? 1992-இல், ஒட்டாவாவின் தேசியக் கலைக்கூடத்தில்.

பிறகு ஓவியத்தை விட்டுவிட்டாரா? இல்லை, மரம் வெட்டி மொட்டையடித்த மலைகளைத் தொடர்ந்து வரைந்தார்.

விழாக்களின் தொடக்கத்தில் நிலத்தின் பூர்வகுடிகளுக்கு நன்றி சொல்கிறார்களே? அதனால் ஓர் ஏக்கர்கூடத் திரும்பாது.

நீதிமன்றம் நில உரிமையை ஏற்றதுண்டா? உண்டு. 2014-இல் அதே மாகாணத்தின் சில்கோட்டின் மக்களுக்கு, சுமார் 1,750 சதுர கிலோமீட்டர்.