டேப்பைக் கீழே வைத்தால் டிராயர் ஓடும்

புதிதாகச் செய்த மேசையில் டிராயர் பாதி தூரம் வந்து இறுகிக்கொண்டால் பழி அதைத் தாங்கி ஓடவிடும் சேனல் மீதுதான் விழும். மலிவுச் சரக்கு, உள்ளே குண்டு சரியில்லை என்று கழற்றிவிட்டு விலை கூடின ஜோடி ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அதே இடத்தில் இறுகும். சேனல் பெரும்பாலும் நிரபராதி. இடப்பக்கச் சேனலுக்கு ஒருமுறை, வலப்பக்கச் சேனலுக்கு ஒருமுறை என்று டேப் பிடித்துத் தனித்தனியே அளந்ததில்தான் கோளாறு இருக்கும். இந்த வேலையில் அளப்பதைக் குறைக்கக் குறைக்கத் துல்லியம் கூடும் என்பதே என் கட்சி. அதற்குத் தேவை, பட்டறை மூலையில் கிடக்கும் பிளைவுட் துண்டில் செய்துகொள்ளும் ஒரு ஜிக், அதாவது இரண்டு பக்கத்துக்கும் ஒரே இடத்தைக் காட்டும் பலகை.

இன்று பரவலாக மாட்டப்படும் டெலஸ்கோப்பிக் சேனல் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் மூன்று எஃகுப் பட்டைகளால் ஆனது. நடுவே சிறு குண்டுகள் உருள்கின்றன. டிராயர் பெட்டிக்கும் அது நுழையும் அலமாரியின் சுவருக்கும் இடையே பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆசாரிகள் கணக்கில் 4 நூல். பெட்டி ஒரு மில்லிமீட்டர் ஒடுங்கிப்போனால் சேனலுக்குப் பின்னால் மைக்கா துண்டு வைத்துச் சமாளிக்கலாம். அரை மில்லிமீட்டர் அகன்றுவிட்டாலோ குண்டுகள் நெருக்கப்பட்டு ஓட்டம் கெடும். அந்தக் காலத்து மரச்சட்டத்தில் ஓடிய டிராயர் இறுகினால் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்து, மெழுகுவத்தியைத் தேய்த்தால் தீர்ந்தது. எஃகை இழைக்க முடியாது.

ஆனால் இந்த எஃகு கேட்பது என்ன என்று யோசித்தால் வேலை பாதி சுலபமாகிவிடுகிறது. சேனல் தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் இருக்கிறதா, 201 மி.மீ. உயரத்தில் இருக்கிறதா என்பதைப் பற்றி டிராயருக்குக் கவலையே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே உயரமா, ஒரே சாய்வா என்பதுதான் அதற்கு முக்கியம். ரயிலுக்குத் தண்டவாளம் இரண்டும் எப்படியோ அப்படி. டேப் தருவது எண்ணை. டிராயர் கேட்பதோ சமத்தை. டேப்பின் நுனிக் கொக்கி கொஞ்சம் ஆடும்படியேதான் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு தரம் கீழே விழுந்து வளைந்தால் அந்த ஆட்டமும் தப்பாகிவிடும். பென்சில் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் தடிமன். கண் சாய்ந்து பார்த்தால் இன்னொரு அரை. ஸ்க்ரூ பிளைவுட்டில் இறங்கும்போது ஓரமாக நழுவும். இடப்பக்கத்துப் பிழை மேலும், வலப்பக்கத்துப் பிழை கீழுமாக அமைந்தால் வித்தியாசம் இரட்டிக்கும். ஒரே பலகையை இரண்டு பக்கமும் வைத்து அதன் மேல் சேனலை உட்கார்த்திவிட்டால், பலகை ஒரு மில்லிமீட்டர் தப்பாக அறுபட்டிருந்தாலும் அந்தத் தப்பு இருபுறமும் ஒன்றேதான். யார் கண்ணுக்கும் படாது.

மூன்று டிராயர் உள்ள, முகப்பலகை அலமாரி விளிம்பின் மேல் படியும் மேசையையே எடுத்துக்கொள்வோம். சேனல் 18 அங்குலம் என்றால் அதே நீளத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் துண்டு போதும். அதன் அகலம், அலமாரியின் அடிப்பலகையிலிருந்து மேல் டிராயர் சேனலின் கீழ் விளிம்புவரை. பலகையின் முன்முனையில் மேல் விளிம்பைத் தாண்டி நிற்கும்படி ஒரு சிறு சட்டத்தை ஸ்க்ரூவில் மாட்ட வேண்டும். அது இரு பக்கமும் துருத்திக்கொண்டு அலமாரியின் முன் விளிம்பில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். சேனலின் மூக்கு இடிக்கும் இடத்தில் 1 மி.மீ. மைக்கா இரண்டு துண்டை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால், சேனல் 2 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். முகப்பலகை அலமாரிக்குள்ளேயே அடங்குகிற வகையானால், மைக்காவுக்குப் பதில் அந்த முகப்பலகையில் அறுத்து மிஞ்சிய துண்டையே வைத்துவிடலாம். கடையில் 18 என்று விற்கிற பிளைவுட் சரியாக 18 இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மேல் சேனல் இரண்டையும் முடித்ததும் சட்டத்தைக் கழற்றி, பலகையை அடியிலிருந்து அறுத்துக் குறைத்து, சட்டத்தை மறுபடி மாட்டினால் நடு டிராயருக்கு ஜிக் தயார். இன்னும் அறுத்தால் கீழ் டிராயருக்கு. சட்டத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பலகை முன்பக்கம் அரை மில்லிமீட்டர் உயர்ந்து கோணலாக அறுபட்டிருந்தால், இரு சேனலும் ஒரே மாதிரி பின்னோக்கிச் சாயும், டிராயர் தாராளமாக ஓடும். அதே பலகையை வலப்பக்கம் தலைமாற்றி வைத்தால் ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும், பெட்டி முறுக்கிக்கொள்ளும். சட்டம் முன்னால் இருக்கும்வரை தலைமாற்றி வைக்க வழியில்லை.

ஒரே ஒரு டிராயருக்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்கலாம். ஒரு டிராயருக்கும் பக்கம் இரண்டு. ஒரே வேலையை இரண்டு தரம் செய்தாக வேண்டிய நிலை அங்கேயே வந்துவிடுகிறது. கை தேர்ந்த ஆசாரிக்கு ஜிக் எதற்கு என்பது இன்னும் கனமான கேள்வி. தேர்ந்த கைகளும் ஜிக்கைத் தேடியிருக்கின்றன. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் 1820களில் துப்பாக்கி செய்த ஜான் ஹால், ஒவ்வோர் உறுப்பையும் ஒரே ஆதார இடத்திலிருந்து பிடித்து வேலை செய்ய வைத்தார். ஓர் அளவிலிருந்து அடுத்த அளவு என்று போனால் பிழை கூடிக்கொண்டே போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பலகையும் ஒவ்வொரு தடவையும் அடிப்பலகை மேலேயே நிற்கிறது. நடு டிராயரின் உயரத்தை மேல் டிராயரிலிருந்து அளப்பதில்லை. அடிப்பலகையே ஒரு பக்கம் இறங்கியிருந்தால் ஜிக்கும் அந்தக் குறையைச் சுமக்கும் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. அப்போது மேல்பலகையை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டியின் அகலத்துக்கு இந்த ஜிக் உதவாது. அங்கேயாவது டேப் வேண்டாமா? அலமாரியைக் கூட்டி முடித்தபின், இரண்டு மெல்லிய குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, எதிரெதிர்ச் சுவர்களைத் தொடும்வரை நகர்த்தி, இரண்டுக்கும் குறுக்கே கோடு கிழித்துவிட்டால் உள் அகலம் கையில் வந்துவிடும். அதில் இரண்டு பக்கச் சேனலின் தடிமனையும், மேலே ஒரு மைக்காவின் தடிமனையும் வைத்துக் குறைத்தால் பெட்டியின் வெளி அகலம். அதே குச்சிகளை அலமாரியின் பின்பக்கமும் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே சிக்கினாலோ தொளதொளத்தாலோ கோணல் அலமாரியில்தான். அதை நிமிர்த்தும்வரை சேனல் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.